இரண்டு படி மேலே

மார்ச் 3, திங்கள்

அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. சாமி புண்ணியம், இன்று நாலு வாய் சேர்த்துச் சாப்பிட்டார். மருந்தின் அளவை டாக்டர் அடிக்கடி மாற்றுகிறார். நான் தினமும் போனில் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தை எழுதியதே என் அண்ணன் மகள்தான். நர்சுகள் பார்க்கிற அதே பக்கத்தைத் தன் கடவுச்சொல்லைப் போட்டு எனக்கும் திறந்து கொடுத்தாள்.

"நாலு நாள் பாத்துச் சொல்லுங்க அத்தை. உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும்."

வாயாடி. என் அண்ணன் வாய் அப்படியே.

"மேல பேர் இருக்கும். அதைப் படிச்சுட்டுதான் மருந்தைப் பாக்கணும், சரியா?"

அவர் பேரை நான் படிப்பதா? கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் வந்ததில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

மார்ச் 5

ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்து, அங்கிருந்தே 'மருந்து' என்ற பொத்தானை அழுத்தினேன். பிரஷர் மாத்திரை காலையில் பாதி. மாற்றமில்லை.

மார்ச் 7

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். முழுசாக, இரண்டு வேளை. இன்று ரிப்போர்ட் பக்கம் போகவில்லை. அவருடைய முதல் பக்கத்தில் நின்றே மருந்தை அழுத்தினேன். சுலபமாகத்தான் இருக்கிறது. எதற்குத்தான் பயந்தேனோ.

மார்ச் 8

விழுந்துவிட்டார்.

மார்ச் 9

குளியலறை வாசலில். தலைசுற்றல். நெற்றியில் நாலு தையல்.

"யாரும்மா இவ்வளவு குடுக்கச் சொன்னது?" என்றார் டாக்டர். போனை எடுத்து, ரிப்போர்ட்டைத் திறந்து, மருந்தை அழுத்திக் காட்டினேன். பாதி என்று இருக்கிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் பாதிதான்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ கையில குடுத்தா இப்படித்தான்." நாத்தனார், என் காதுபடவே.

என் கையாலதானே குடுத்தேன்? ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தி... ஐயோ சாமி, என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 11

அண்ணன் மகள் வந்தாள்.

"அன்னிக்கு எங்க நின்னு மருந்தை அழுத்துனீங்க அத்தை?"

காட்டினேன். அவள் முகம் வெளுத்துப் போனது. தானும் அதே இடத்திலிருந்து அழுத்திப் பார்த்தாள்.

"இது ஒரே வீடு மாதிரி அத்தை. உள்ளுக்குள்ளயேதான் அறை மாறுது. நிக்கிற இடத்துலேருந்து ரெண்டு படி மேல ஏறி மருந்துக்குப் போன்னு எழுதி வச்சிருக்கேன். ரிப்போர்ட்ல நின்னு ரெண்டு படி ஏறுனா மாமாவோட மருந்து. முதல் பக்கத்துல நின்னா, மாமாவையும் தாண்டி வார்டு லிஸ்டுக்கே போயிடுது."

"அப்போ நான் பார்த்த மருந்து?"

"லிஸ்ட்ல முதல்ல இருக்கிறவரோடது. மேல அவர் பேர்தான் இருந்திருக்கும்."

பேர். நான்தான் அந்த வரிக்குக் கண்ணையே கொண்டுபோகவில்லையே.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் தப்பாப் படிச்சேன்னே எல்லாரும் நினைக்கிறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். உன் வேலை போயிடும்டி."

கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

மார்ச் 12

சாமி முன்னால் உட்கார்ந்தும் மனம் நிற்கவில்லை. நர்சுகளும் அதே பொத்தானைத்தானே அழுத்துகிறார்கள்? அங்கே படுத்திருப்பதும் யாரோ ஒருத்தியின் புருஷன்தானே? இதை வைத்துக்கொண்டு நான் என்ன வேண்டுதல் வைப்பது?

ஏழு மணிக்கு அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். "கிளம்பு. நானும் வரேன், சொல்லிடுவோம்."

"ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன் அத்தை. உள்ள போகக் கால் வரல."

மார்ச் 13

பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அவளையும்.

மார்ச் 24

பக்கம் மறுபடி திறந்திருக்கிறது. வேறு யாரோ திருத்தினார்களாம். எங்கே நின்று அழுத்தினாலும், வழி அவருடைய ஆஸ்பத்திரி நம்பரிலிருந்தே தொடங்குமாம். இனி எனக்குத் தனிக் கடவுச்சொல். அண்ணன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அறையிலும் என்னை நிற்க வைத்து அழுத்திப் பார்த்தாள். வேலை இல்லாத பெண், தனக்குச் சம்பளம் தராத பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். எல்லா வழியும் சரியாக வந்தது.

"இப்ப பேரைப் படிங்க அத்தை."

படித்தேன். சத்தமாக.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவர் திரும்பிப் பார்த்தார். "யார் கூப்பிட்டது?"

"மாத்திரை நேரம்," என்றேன். பாதியாக உடைத்து அவர் கையில் வைத்தேன்.