சதுப்பு நிலத்தில் பெண் பார்த்த கதை

வடசேரி, நாகர்கோவில்
18 நவம்பர் 2024

பகவதிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ ஜெயித்துவிடுவாய். அதனால்தான் தபால்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவளாயிற்றே என்றுதான் என் அனீஷுக்கு உன் மகள் ஆர்யாவைக் கேட்டேன். "பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இவள் வீட்டிலேயே இருக்க மாட்டாள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும்" என்று சொன்னது நீ. மதுரா, ஆக்ரா டூரில் இரண்டு குடும்பமும் சேர்ந்துகொள்ளலாம் என்றதும் நீதான். ஆர்யாவை வரவைப்பதற்காகப் பரத்பூர் பறவைப் பூங்காவையும் சேர்க்கச் சொன்னாய். அந்தக் குளிரில் குரங்குக் குல்லாய் போட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, தண்ணீரும் சகதியுமாகக் கிடந்த காட்டை யாருக்காகச் சுற்றினேன்? எனக்குக் கொக்கும் ஒன்றுதான், நாரையும் ஒன்றுதான்.

அனீஷ் அப்படி என்ன செய்துவிட்டான்? மரம் முழுக்க நாரைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பறக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கலாமே என்று சின்னக் கல் ஒன்றை எறிந்தான். அதற்கு உன் மகள் அத்தனை பேர் முன்னால் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, வனக்காவலரைக் கூப்பிட்டு, அபராதம் கட்ட வைத்தாள். என் கொழுந்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைச் சாகும்வரை மறக்க மாட்டேன். நீயோ பைனாகுலரைக் கண்ணில் வைத்து, மான் பார்ப்பதுபோல நின்றாய்.

ஆர்யா அனீஷிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் மேற்கொண்டு பேசலாம். இல்லாவிட்டால் சம்பந்தமும் இல்லை, சிநேகமும் இல்லை.

வடிவம்மாள்

*

ஆரியசாலை, திருவனந்தபுரம்
25 நவம்பர் 2024

வடிவு,

சின்னக் கல்லா? நன்றாக எழுதுகிறாய்.

அந்தக் கல் பட்டது கூட்டில். சங்குவளை நாரைகள் மொத்தமாகக் கிளம்பியபோது ஒரு குஞ்சு தடுமாறித் தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரம் சிறகை அடித்தது. பிறகு அடிக்கவில்லை. ரிக்‌ஷாக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ என்ன சொன்னாய்? "ஒரு கொக்குக் குஞ்சுக்கா இந்த ஆட்டம்?" என்றாய். அதோடாவது நிறுத்தினாயா? "இந்தக் கோட்டிக்காரியையா எம் மவனுக்குப் பாத்தோம்!" என்று, என் மகளைப் பைத்தியமாக்கி, ஊர் கேட்கக் கத்தினாய்.

அந்த நிமிஷம்வரை ஆர்யாவுக்கு ஒன்றும் தெரியாது. பறவை பார்க்க அம்மா கூடவே வந்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டு, நீலமானையும் மலைப்பாம்பையும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்த பெண் அவள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மே, இதுக்காணோ என்னைக் கூட்டிட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. ஊருக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில், தன் ஆபீஸுக்குப் பக்கத்திலுள்ள ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. உன் வாயால் என் வீடு காலியாகிவிட்டது, வடிவு.

அவள் மன்னிப்புக் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்கிறேன், வாங்கிக்கொள். அவளுக்கு முப்பது ஆகப் போகிறது. இந்தச் சம்பந்தமும் போனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் கோபம் ஆறட்டும், நான் பேசிப் பார்க்கிறேன். நீ திட்டியே எழுது, ஆனால் எழுது.

பகவதி

*

வடசேரி
3 டிசம்பர் 2024

பகவதி,

உன் மன்னிப்பு வந்து சேர்ந்தது. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. போகட்டும்.

என் மகனுக்குப் பெரிய மனசு. "பரவாயில்லம்மா, கல்யாணம் முடியட்டும், வழிக்குக் கொண்டு வந்திரலாம்" என்கிறான். எனவே தை மாதத்தில் நாள் பார்க்கிறோம். ஆனால் சிலதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆண்பிள்ளைகளோடு புஞ்சக்கரி வயலிலும் வெள்ளாயணிக் காயலிலும் பறவை எண்ணப் போகிறாளே, அது இந்த மாதத்தோடு நிற்க வேண்டும். அந்த பைனாகுலர் எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. நாலு பேர் முன்னால் அனீஷை எதிர்த்து இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பெண் என்றால் கொஞ்சம் பயம் வேண்டும். நீ கொடுத்து வளர்க்கவில்லை. நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம். இந்த வயதில் அவளுக்கு வேறு யார் வரப்போகிறார்கள் என்று யோசித்துச் சம்மதம் எழுது.

வடிவம்மாள்

*

ஆரியசாலை
16 டிசம்பர் 2024

வடிவம்மாளுக்கு,

உன் கடிதத்தை முதல்முறை படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தை மாதம் என்றதும் எந்த மண்டபம் என்றுகூட யோசித்தேன். இரண்டாம் முறை படித்தபோது "வழிக்குக் கொண்டு வந்திரலாம்" என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

நான் மான் பார்க்கவில்லை, வடிவு. உன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சு தண்ணீரில் தத்தளித்தபோது அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, கேமராவில் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். அதைப் பார்த்த பிறகும் அவனை மாப்பிள்ளையாக்கத் துடித்தேனே, என்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும். அவன் என் மகளை வழிக்குக் கொண்டுவருவானாம். அவளுக்குப் பயம் கொடுப்பீர்களாம்.

மறுநாளே தம்பானூரில் பஸ் பிடித்துக் கழக்கூட்டம் போனேன். ஹாஸ்டல் வாசலில் உன் கடிதத்தை ஆர்யாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "இதுக்கு என்ன எழுதப் போறே?" என்றாள். "தர மாட்டேன்னு எழுதப் போறேன்" என்றேன். உள்ளே போய் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு வந்தாள். "இனி மாப்பிள்ளை பாக்கணும்னா என்கிட்டச் சொல்லிட்டுப் பாரு" என்றாள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சனிக்கிழமை பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சம்பந்தம் வேண்டாம். அது இல்லாவிட்டால் சிநேகமும் இல்லை என்று எழுதியவள் நீ. அப்படியே ஆகட்டும்.

நேற்று ஆர்யா என்னைப் புஞ்சக்கரிக்குக் கூட்டிப் போனாள். வரப்பில் கால் வழுக்கி, புடவையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் போனை எடுத்து, இதைச் சொல்வதற்கு உன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து உன் நம்பரை அழித்தேன். அழித்து என்ன, எனக்கு அது மனப்பாடம்.

பதில் எழுதாதே.

பகவதி