எழுபத்தொன்பதாவது நிமிடம்

பிப்ரவரி 4

கால்பந்துச் சங்க வரலாற்று நூலின் பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அத்தான்’ என்று தொடங்கத்தான் கை போனது. அதை அடித்துவிட்டு எழுதுகிறேன். சங்கத்தின் முத்திரை போட்ட உறையில் வந்ததற்குச் சங்கத்துக்குப் பதில் எழுதுவதுதானே முறை.

நம் தேசிய அணி கண்டத்து நாடுகளின் கோப்பையில் ஆடிய வரலாற்றைப் புத்தகமாகப் போடுவதாகவும், அச்சுக்குப் போகும் முன் பழைய ஆட்டக்காரர்கள் படித்துத் திருத்தம் சொல்லலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்தேன். முதல் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, வாங்கிய கோல் பதினொன்று. அதற்கு ‘அரிய அனுபவம் பெற்றோம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது கோப்பைக்குப் போனபோது பெட்டிகள் வந்து சேராமல் இரவல் பூட்ஸில் ஆடிய கதை அரைப் பக்கம். மூன்றாவது கோப்பையில் கிடைத்த ஒரே வெற்றிக்கு நான்கு பக்கம். அதில் கோல் அடித்தது நீங்கள் என்பதால் இருக்கும்.

நாற்பத்தாறாம் பக்கத்துக்கு வருகிறேன். நான்காவது கோப்பை, அரையிறுதி. அதுவரை நாம் எட்டாத இடம். அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் கோப்பைப் பக்கமே போகவில்லை. இந்த வருடம்தான் பையன்கள் மறுபடி தகுதி பெற்றிருக்கிறார்கள். அந்த அரையிறுதியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இது: ‘ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் இருக்க, எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் கோல்கீப்பர் தன் இடத்தில் இல்லாததால், அணித்தலைவர் பின்னால் தள்ளிய பந்து நம் கோலுக்குள்ளேயே சென்றது.’

அணித்தலைவர் நீங்கள். கோல்கீப்பர் நான். அந்த வாக்கியம் பொய் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் இன்னும் என்னை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். “அன்னைக்கு நீங்களே ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னிருக்கலாமே சார்” என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வாய் வார்த்தை அவர்களோடு போய்விடும் என்று பொறுத்தேன். புத்தகம் போகாது. அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
அன்றைய கோல்கீப்பர்


பிப்ரவரி 11

மச்சானுக்கு,

அக்காவைப் பற்றி ஒரு வரி விசாரித்து எழுத உனக்குக் கை வரவில்லை. முழங்கால் வலியோடு நடக்கிறாள். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

சங்கத்தின் மாடி அறையில் ஓடுகிற விசிறி ஒன்று, ஓடாத விசிறி இரண்டு. பூச்சி அரித்த ஆட்ட அறிக்கைகளை எட்டு மாதமாகத் தட்டித் தட்டிப் படித்து எழுதியிருக்கிறேன். அறிக்கையில் உள்ளதுதான் புத்தகத்தில் இருக்கிறது. கோச் கையெழுத்துப் போட்ட அறிக்கை, ‘கீப்பர் இடம் தவறினார்’ என்கிறது. கோச் இப்போது உயிரோடு இல்லை. அவரை எழுப்பிக் கேட்க உனக்கு வழி தெரிந்தால் கேள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஆடி முடித்து முப்பத்தெட்டு வருடம் கழித்துக் கூடத்தை அளக்க வருகிறாய்.

இப்படிக்கு,
உன் அத்தான் (அடிக்காமல் எழுதியிருக்கிறேன்)


பிப்ரவரி 17

பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

கோச்சை எழுப்ப வேண்டாம். அவருக்கு அப்படிச் சொன்னதே நீங்கள்தான். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் நீங்கள் வாயில் வந்ததைச் சொன்னீர்கள், அவர் எழுதிக்கொண்டார். நான் ஷூ நாடாவை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நெருக்கடி வந்தால் திரும்பிப் பார்க்காமல் பந்தைக் குதிகாலால் பின்னால் தள்ளுவீர்கள். நான் எப்போதும் இடது கம்பத்தை ஒட்டி ஓரடி தள்ளி நிற்க வேண்டும். ஆறு வருடம் அப்படியே நின்றேன். பத்திரிகைக்காரர்கள் உங்களுக்கு ‘முதுகில் கண் உள்ளவர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தக் கண் நான்தான்.

அன்று இடைவேளையில் மழை கொட்டியது. இரண்டாவது பாதிக்கு நம் பக்கமாக வரவிருந்த கோலில் இடது கம்பத்தடியில் ஒரே சேறு. நீங்களே வந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “நெட்டை, இந்தப் பக்கம் நிக்காத, வழுக்கும். வலப்பக்கம் போயிடு, நான் அங்க தள்றேன்.” போய் நின்றேன். முப்பத்து நான்கு நிமிடம் கழித்து, சொன்னதை நீங்களே மறந்து, பழைய பழக்கத்தில் இடப்பக்கம் தள்ளினீர்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உங்களுக்கு உங்கள் உத்தரவே தெரியவில்லை.

இன்னொன்றையும் அதே இடைவேளையில் சொன்னீர்கள். முதல் பாதியில் நான் ஒரு கோல் விட்டதற்காக, பதினெட்டுப் பேர் முன்னால், என் கையுறையைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு: “உன் அக்கா மூஞ்சிக்காகத்தான்டா உன்ன டீம்ல வச்சிருக்கேன்.” அதையும் புத்தகத்தில் போடுங்கள் என்று கேட்கவில்லை. நாற்பத்தாறாம் பக்கத்தை மட்டும்தான் கேட்கிறேன்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு தேசிய அணியின் சட்டையை நான் போடவில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. உங்களுக்கு அடுத்த வருடமே சங்கத்தில் பதவி கிடைத்தது. பழி ஓரிடம் என்றால் பாவம் வேறிடம்.

இப்படிக்கு,
வலப்பக்கம் நின்றவன்


பிப்ரவரி 26

மச்சானுக்கு,

கையுறையை எறிந்தேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். மறுக்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிற அணியின் தலைவன் இடைவேளையில் தாலாட்டுப் பாட மாட்டான்.

வலப்பக்கம் நில் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்றே வைத்துக்கொள். அப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது.

மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தைச் சங்கத்து அலமாரியில் கண்டெடுத்தேன். இந்தக் கடிதத்தோடு அதன் பிரதியை வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி உன் கடையில் இல்லாமலா இருக்கும், எடுத்துப் பார். பந்து இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு முன்னால் நாலடியாவது இருக்கிறது. நான் தள்ளியது ஷாட் இல்லை, உருண்டு போகிற பந்து. நீ நின்ற இடத்திலிருந்து ஒரு பாய்ச்சல்தான். உன் உயரத்துக்கு அரைப் பாய்ச்சல். படத்தில் உன் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. கை இரண்டும் தொங்குகின்றன. பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்கிறாய்.

ஏன் பாயவில்லை?

இதற்குப் பதில் எழுது. நாற்பத்தாறாம் பக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அச்சகத்துக்கு மார்ச் பதினைந்து கடைசி நாள்.

அத்தான்


மார்ச் 3

பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

படம் எடுத்தவன் எந்த நொடியில் பொத்தானை அமுக்கினான் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு நொடிக்கு முன் எடுத்திருந்தால் நான் கத்துவது தெரிந்திருக்கும். ஒரு நொடி கழித்து எடுத்திருந்தால் பாய்வது தெரிந்திருக்கும். கால் சேற்றில் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். மழை பெய்த மைதானத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். முதுகைக் காட்டி நின்றவருக்குத் தெரியாது.

கேள்வி கேட்டு என் வாயை அடைக்கலாம் என்று பார்க்காதீர்கள். முப்பத்தெட்டு வருடம் நான் வாய் திறக்காமல் இருந்தது உங்களுக்காக இல்லை. அக்கா உங்கள் வீட்டில் இருக்கிறாள். உங்களைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் தெருவில் அவள் தலை குனியும் என்று இருந்தேன். அதனால்தான் உங்கள் வீட்டுப் படியும் ஏறாமல் இருந்தேன். ஏறினால் பேசிவிடுவேன்.

புத்தகம் அப்படியே வந்தால், வெளியீட்டு விழாவில் மேடைக்கு முன்னால் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் சொல்வேன். அக்கா முன்வரிசையில் இருந்தாலும் சொல்வேன். இது மிரட்டல்தான். மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோல்கீப்பர்


ஏப்ரல் 20

மச்சானுக்கு,

புத்தகம் அச்சாகிவிட்டது. தனித் தபாலில் உனக்கு ஒரு பிரதி வருகிறது. விழாவில் எழுந்து நிற்கிற சிரமம் உனக்கு வேண்டாம். நாற்பத்தாறாம் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

‘இடைவேளையில் கோல்கீப்பரை வலப்பக்கம் நிற்கும்படி உத்தரவிட்ட அணித்தலைவர், எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் அதை மறந்து, திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் தள்ளிய பந்து நம் கோலுக்குள்ளேயே சென்றது. கோல்கீப்பர் உடனே பாய்ந்தும் பந்து எட்டவில்லை. தவறு முழுவதும் அணித்தலைவருடையது. அந்த அணித்தலைவரே இந்நூலின் பொறுப்பாசிரியர்.’

உன் மிரட்டலுக்குப் பயந்து எழுதினேன் என்று நினைத்து மகிழ்ந்துவிடாதே. மேடைக்கு முன்னால் நீ எழுந்து நின்றிருந்தால் மைக்கை நானே உன் கையில் கொடுத்திருப்பேன். நடந்தது வேறு. உன் கடிதங்களை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். கரண்ட் பில்லைத் தேடப் போய் உன் அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. மாலையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்தீங்களா, பாக்கலையா?” கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. பார்க்கவில்லை என்றேன். “அப்ப அதை எழுதிடுங்க” என்றாள். மறுநாள் அச்சகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி பதினேழாம் தேதிக் கடிதத்தில் சேறு இடது கம்பத்தடியில் என்று எழுதியிருக்கிறாய். மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தில் உன் கால் சேற்றில் சிக்கியது என்கிறாய். வலப்பக்கம் சேறில்லாத தரையில் நின்றவனுடைய கால் இடப்பக்கச் சேற்றில் எப்படிச் சிக்கும்? இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. படத்தைப் பார்த்தபோதே பாதி புரிந்திருந்தது.

அதனால்தான் ‘உடனே பாய்ந்தும்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தேன். உனக்கு நான் கொடுக்கிற பரிசு என்று வைத்துக்கொள். என் பொய்யை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். இனி அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது, அது உன்னுடையது. மைதானத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், இன்றைக்கு அது பொய் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். முப்பத்தெட்டு வருடம் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார். நான் வாழ்ந்தேன், முடிகிற காரியம்தான்.

மே மாதக் கடைசியில் இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். திருத்தம் ஏதும் இருந்தால் எழுது.

அத்தான்


மே 2

அத்தானுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

புத்தகம் வந்தது. கடை மேஜையில் வைத்திருந்தேன். எதிர்வரிசைத் தையல்காரர் எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்து, நாற்பத்தாறாம் பக்கத்தில் நின்றார். என்னை வருடக்கணக்காகக் கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் அவர். படித்துவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க சார், நீங்க பாஞ்சிருக்கீங்க. எங்களுக்குத் தெரியாமப் போச்சே” என்றார். அந்த நாளுக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அன்று மாலை வரை ஒரு கண்ணாடி வில்லையைக்கூட என்னால் சட்டத்தில் ஒழுங்காகப் பொருத்த முடியவில்லை. இரண்டைக் கீறிவிட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். பந்து வருவது எனக்குத் தெரிந்தது. உங்கள் குதிகால் திரும்பியபோதே தெரிந்தது. ஆறு வருடம் அந்தக் குதிகாலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயலாம், நேரம் இருந்தது. அரைப் பாய்ச்சல் என்று எழுதினீர்கள், அது சரி. ‘அக்கா மூஞ்சிக்காக’ என்று சொன்னீர்களே, அது காதில் ஓடிக்கொண்டிருந்தது. போகட்டும், பதினெட்டுப் பேர் முன்னால் என்னைச் சொன்னவர் இத்தனை ஆயிரம் பேர் முன்னால் படட்டும் என்று ஒரு நொடி நின்றேன். ஒரே ஒரு நொடிதான். அப்புறம் பாய்ந்திருந்தாலும் எட்டியிருக்காது, அதனால் பாயவும் இல்லை. நான் கோபப்பட்டது உங்கள் மேல். தோற்றது பதினோரு பேர், ஒரு நாடு. அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் நாம் அரையிறுதியைப் பார்க்கவில்லை.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்து கோச்சிடம் பொய் சொல்லியிருக்கவும் கூடாது. உங்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. இந்தப் பரிசையும் நீங்கள் அன்பால் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியும். குறி பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். வாழ்க்கையில் ஒரு முறையாவது திரும்பிப் பார்த்து அனுப்பினீர்களே, அதுவரை சரி.

இரண்டாம் பதிப்புக்கு என் திருத்தம்: ‘கோல்கீப்பர் உடனே பாய்ந்தும் பந்து எட்டவில்லை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ‘கோல்கீப்பர் பார்த்துக்கொண்டு நின்றார்’ என்று போடுங்கள். காரணம் போட வேண்டாம்.

அக்கா மற்ற கடிதங்களை எல்லாம் படித்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். இதை இழுப்பறையில் வைக்காதீர்கள். அவள் கையிலேயே கொடுங்கள்.

நெட்டை