ஐந்தும் காமன் வந்த கதை

கிருஷ்ணநகர்,
ஞாயிறு மத்தியானம்

என் கண்ணே டுகுன்,

இங்கே நானும் உன் பாபாவும் சௌக்கியம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. உன் பாபா சௌக்கியம், புதுப் பல் கட்டியதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். என் சௌக்கியத்தை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உனக்கு மூக்கு ஒழுகுவது நின்று, அந்த ஊர் ரொட்டியைத் தவிர வேறு ஏதாவது வயிற்றுக்குள் போகிறது என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் சொல்லத் தொடங்கியதும் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் நடந்தது எதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். ஆகவே முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் காணொளிகளுக்குக் கீழே வாரம் தவறாமல் "தீதி, என் கண்ணைத் திறந்துட்டீங்க" என்று எழுதிவந்தாளே ஷிபானி ஹால்தார், யார் மா அது என்று நீகூடக் கேட்டாயே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிற பெண் பாவம் என்று நானும் சொன்னேனே, அந்த ஷிபானி நான்தான். கைக்குழந்தை உன் பாபா. நீ அவளுக்கு "மனசு விடாம படிங்க" என்று எழுதியதைப் படித்து எனக்கு இரண்டு நாள் நெஞ்சு நிறைந்திருந்தது, பொய்ப் பேருக்கு வந்த ஆறுதலும் ஆறுதல்தான் போலிருக்கிறது.

போன துர்கா பூஜைக்கு வந்திருந்தபோது உன் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாய், நினைவிருக்கிறதா. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை இணையத்தில் பகிர்ந்தே சம்பாதிக்கலாம், வகுப்பு எடுக்கலாம், ஆலோசனை சொல்லலாம், கட்டணம் வைத்துப் பாடம் விற்கலாம், தூங்கிக்கொண்டிருக்கும்போதும் பணம் வந்து விழும் என்று அதில் எழுதியிருந்தது. "மா, நவ்ய நியாயத் தர்க்கம் முழுசாத் தெரிஞ்சவங்க உலகத்துலயே எத்தனை பேர் இருப்பாங்க, நீ என்னடான்னா உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கே" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தலை நரைக்கிற வரை ஒப்பந்த ஆசிரியையாகவே இருந்து, ஒவ்வொரு ஆடி மாத மழையிலும் இந்த வருடம் புதுப்பிப்பார்களா என்று முதல்வர் அறை வாசலில் ஈரக் குடையோடு நிற்கிற ஒருத்தியிடம் போய் உன்னிடம் உலகத்திலேயே அபூர்வமான சரக்கு இருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது. என்னிடம் வேறு என்ன இருந்தது. ஹானர்ஸ் பிள்ளைகளுக்கு நான் எடுத்துவந்த தர்க்க வகுப்பு ஒன்றுதான் இருந்தது. மற்ற வகுப்பெல்லாம் சம்பளத்துக்கு, அது ஒன்று எனக்காக. இதை இப்போதே மனதில் குறித்துக்கொள், ஏனென்றால் கடைசியில் போனது அதுதான்.

சேனலுக்கு 'அனுமானம்' என்று பெயர் வைத்தோம். நதிக்கு அந்தப் பக்கம் நவத்வீபத்தில் பண்டிதர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு உண்டாக்கிய சாஸ்திரத்தை, இந்தப் பக்கம் இஸ்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உலகத்துக்குச் சொல்லப்போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமிதம். உன் பாபா போனைப் பிடித்துக்கொள்வார், கை வலித்தால் என் முகம் மெல்லச் சரிந்து கழுத்து மட்டும் பாடம் நடத்தும். சாயங்காலமானால் நாலு வீட்டுப் பூஜைச் சங்கும் சேர்ந்து ஊதும், நான் வியாப்தி என்று சொல்லும் இடத்தில் மீன்காரன் கெண்டை என்பான். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்ற பாடத்துக்கு நிஜப் புகை காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியுமே என்று உன் பாபா தூபக்காலில் தேங்காய் நாரைக் குவித்துப் பற்றவைத்தார். எதிர்வீட்டு ராக்கி பௌதி புகையைப் பார்த்தாள், நெருப்பு என்று அனுமானித்தாள், ஜன்னல் வழியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். நான் இத்தனை வருடம் நடத்திய பாடத்தை வாழ்க்கையில் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான், அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்தக் காணொளியைக்கூட நீ, நான், ஷிபானி மூன்று பேர்தான் பார்த்தோம், அதாவது இரண்டு பேர். கட்டண வகுப்புக்கும் ஒரே ஒருவர் விசாரித்தார், சிலிகுரியில் ஓய்வு பெற்ற பொறியாளர், தன் மைத்துனன் பூர்வீக வீட்டை ஏமாற்றி வாங்கினான் என்பதைத் தர்க்கப்படி நிரூபித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன், அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு என்று போனை வைத்துவிட்டார்.

பிள்ளைகள் வராமல் இல்லை, வந்தார்கள், ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்தார்கள், சஜெஷன் எப்போது. உனக்கு ஐரோப்பாவில் மறந்து போயிருக்கும், இங்கே பரீட்சைக்கு முன்னால் எந்தக் கேள்வி வரும் என்று வாத்தியார் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவர் வாத்தியாரே இல்லை. கொடுத்த கேள்வி தாளில் வந்துவிட்டால், இரண்டுக்கும் பொது என்ற இங்கிலீஷ் கணக்கில், 'காமன்' வந்தது என்பார்கள், காமன் வந்த வாத்தியாருக்குப் பாடாத் தெருவில் கிடைக்கிற மரியாதை துர்கைக்கே நாலு நாள்தான் கிடைக்கும். என்னிடம் படித்து இரண்டு தடவை தோற்ற மானஸ் இருக்கிறானே, அவன் இப்போது கடைசி நேர சஜெஷன் என்று ஒரு சேனல் நடத்திக் கார் வாங்கிவிட்டான். அந்தக் காரிலேயே ஒரு பெட்டி சர்பாஜா இனிப்போடு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டான். "மேடம், நீங்க ஏன் பாடம் நடத்திட்டிருக்கீங்க? பாடம் யாருக்கு மேடம் வேணும்? அஞ்சு கேள்வி சொல்லுங்க, போதும்" என்றான். தோற்ற மாணவன் ஜெயித்து வந்து இரக்கப்படுவதைப் போல் உடம்பை எரிக்கிற விஷயம் வேறு கிடையாது. சர்பாஜாவை மட்டும் சாப்பிட்டேன்.

சொன்னபடி செய்தேன், வேறென்ன. பரீட்சைக்கு முன்னால் பழைய வினாத்தாள்களை எல்லாம் கட்டிலில் பரப்பி, எது போன வருடம் வந்தது, எது ஒன்று விட்டு ஒன்று வருகிறது, எது வெகு நாளாகத் தலைகாட்டவில்லை என்று நம் சாஸ்திர முறைப்படி ஆராய்ந்து ஐந்தே கேள்வியை எடுத்து ஒரு சின்னக் காணொளியில் சொன்னேன். மலையும் இல்லை, புகையும் இல்லை. அதைப் பார்த்த கூட்டத்தை நீயே பார்த்தாய், கல்யாணி, ராணாகாட் ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், நீகூட "மா, பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று குதித்தாய். பரீட்சையில் ஐந்தும் காமன். ஒன்று பாக்கியில்லை, வரிசைகூட மாறவில்லை. ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத பையன்கள் காலில் விழுந்தார்கள், டோட்டோ ரிக்‌ஷாக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார், அவர் மகள் தத்துவத்தில் தேறிவிடுவாளாம். மீன்காரன் இலிஷ் மீன் தலையைத் தானாகவே பையில் போட்டான். காணொளித் தளத்திலிருந்தும் முதல் தடவையாகப் பணம் வந்தது, உன் பாபா வாயில் இப்போது பளபளக்கிறதே, அதுதான் அது. ஷிபானி ஹால்தாருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பத்து நாள்கூட அந்தச் சந்தோஷம் தங்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான், மானஸ்தான் என்று உன் பாபா சொல்கிறார், அவன் சொன்ன ஐந்தில் ஒன்றுகூட வரவில்லையாம், வினாத்தாள் கசிந்திருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நம் முதல்வர், நிர்வாகக் குழுவிலிருந்து அரிசி ஆலை பிஸ்வாஸ் பாபு, பல்கலைக்கழகத்தின் சார்பில் நிருபம் கோஷால். நிருபத்தை உனக்குத் தெரியும், எம்.ஏ.வில் எனக்கு ஒரு வருடம் இளையவன், என் நோட்ஸைப் படித்துத்தான் தேறினான், நிரந்தர வேலை அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை, அது பழைய கதை. இந்த வருடம் முதலில் அமைத்த தாளில் ஏதோ குளறுபடி என்று அவசரமாக மறுபடி அமைக்கச் சொன்னார்கள், அமைத்தவன் நிருபம். வெளியே தெரியக் கூடாத விஷயம், ஆகவே எல்லோருக்கும் தெரியும். ஐந்து கேள்வியும் எப்படித் தெரிந்தது என்று முதல்வர் கேட்டார். அனுமானம் என்றேன். சும்மா சொல்லவில்லை, முறைப்படி, இன்னது சாதிக்க வேண்டியது, இன்னது காரணம், இன்னது உதாரணம் என்று ஐந்து உறுப்போடு சொன்னேன், நடுவில் யாரும் குறுக்கிடாமல் நான் பேசி முடித்த ஒரே சபை அதுதான். பிஸ்வாஸ் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்போ இந்த வருஷம் நெல்லு என்ன விலைக்குப் போகும்னும் சொல்லிடுங்களேன் தீதி" என்றார். முதல்வர் சிரித்தார். நிருபம் தலை நிமிரவில்லை, மேசைமேல் இருந்த பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சோம்பேறி கடைசி நேரத்தில் தாள் அமைக்க உட்கார்ந்திருப்பான், ஒன்றும் தோன்றியிருக்காது, என் காணொளியைத் திறந்து ஐந்தையும் அப்படியே எழுதி அனுப்பியிருப்பான். அன்றைக்கு என் நோட்ஸ், இன்றைக்கு என் சஜெஷன். நான் அவன் தாளைத் திருடினேன் என்று விசாரிக்க, என் கேள்வியைத் திருடியவனே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே வந்ததும் வராந்தாவில் பின்னாலேயே வந்தான். "தீதி, நீங்களும் வாயத் தொறக்க வேணாம், நானும் தொறக்கல. நமக்குத் தெரிஞ்சது நம்மோட இருக்கட்டும்" என்றான். மேலே சொல்ல வேண்டுமா, டுகுன். திருடன் வேறு எப்படிப் பேசுவான். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், ஏனென்றால் ஒப்பந்தத்தை அந்த வாரம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இத்தனை படித்து என்ன, ஈரக் குடையோடு நிற்கிறவளுக்கு என்ன தர்க்கம் வேண்டிக்கிடக்கிறது.

முடிவு இதுதான். கசிவு எதுவும் இல்லை, ஆனால் ஆசிரியைக்குப் பொருந்தாத நடத்தை. சேனலை மூடினேன், சஜெஷனோடு சேர்த்து மலையும் புகையும் எல்லாம் போயிற்று, ராக்கி பௌதியின் வாளி உட்பட. அழிப்பதற்கு முன்னால் முதல்வர் தனியாகக் கூப்பிட்டு அந்த ஐந்து கேள்விக் காணொளியை மட்டும் தன் அண்ணன் மகனுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஒப்பந்தத்தை அரை வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். ஹானர்ஸ் தர்க்க வகுப்பு இனி நிருபத்திடம் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணுக்கு, நல்ல பெண்தான், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள வியாப்திக்கு விளக்கம் கேட்டு என்னிடமே வந்தாள், சொல்லிக் கொடுத்து டீயும் போட்டுக் கொடுத்தேன். எனக்கு எல்லாத் துறைக்கும் பொதுவான சுற்றுச்சூழல் பாடம், இருநூறு பிள்ளைகள், மின்விசிறி இரண்டு. முதல் நாள் கரும்பலகையில் புகையால் வரும் கேடுகள் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன், நெருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை.

உன்மேல் கோபம் இல்லை, கொஞ்சம்தான். இனிமேல் எனக்கு எந்தப் பக்கத்தையும் திறந்து காட்டாதே, தெரிந்ததை விற்கலாம் என்று எழுதுகிறவன் வாங்குகிறவனைப் பார்த்ததில்லை. நீ இங்கே திரும்பி வந்து கல்லூரி வேலை தேடுவது பற்றி எழுதியிருந்தாய், அதற்கு என் பதில் முழுவதும் மேலே இருக்கிறது. அங்கேயே இரு, காலுறை போட்டுக்கொள், யார் கேட்டாலும் நோட்ஸ் கொடுக்காதே. கடுகெண்ணெய் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு பங்களாதேஷ் பெண்ணிடம் கேள், வெட்கப்படாதே. பாபாவின் பிறந்தநாள் வருகிறது, அவர் பல்லைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்.

தாகுர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ படித்த படிப்பு உன்னையாவது மரியாதையாக வைத்துக்கொள்ளட்டும். தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும்,

உன் மா
தபதி லாஹிரி

பி.கு. உன் பாபா இதைப் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்து என்னையே பார்க்கிறார், ஆகவே எழுதிவிடுகிறேன். வினாத்தாள்களைக் கட்டிலில் பரப்பவில்லை. துணி அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த ஒரே ஒரு பழைய தாளை உருவி, அதில் இருந்த ஐந்து கேள்வியையும் அதே வரிசையில் வாசித்தேன். அந்தத் தாளையும் அன்றைக்கு அமைத்தவன் நிருபம்தான், அதற்கு வந்த பணத்தில்தான் அந்த வருடம் எங்கள் எல்லோரையும் கபிராஜி கட்லெட் சாப்பிட அழைத்துப் போனான். நான் இரண்டு சாப்பிட்டேன்.