இடப்பக்கம் பத்து லிட்டர் ஜக்

ஜன. 18, ஞாயிறு

காலையில் பனி. எதிர்வீட்டுச் சுவரே தெரியவில்லை. ஜல்லிக்கட்டுக்கு நட்ட சவுக்குக் கம்புகள் இன்னும் அவனியாபுரம் ரோட்டோரம் கிடக்கின்றன. ஷேர் ஆட்டோக்காரர் அதைச் சுற்றி வருவதற்குள் நாலு கெட்ட வார்த்தை.

சோம்நாத் பயணம் உறுதி. 31, சனி, விடிகாலை. பைக் கிளப்பில் பத்து வண்டி, என்னுடையது பதினொன்று. மற்ற பத்தும் ஆம்பிளைகள், தனி ஆள். பின்சீட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு போவது நான் மட்டும். அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

எங்கள் ஜனம் சோம்நாத் இருக்கிற அந்தச் சௌராஷ்ட்ரத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்து சேர்ந்தது என்பார்கள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. நான் போகிறேன். ரயிலில் இல்லை, நானே ஓட்டிக்கொண்டு. நினைத்தாலே மார்பு ஒரு சுற்று பெருக்கிறது. பெருக்கட்டும்.

ஒரே சிக்கல், வீட்டுக்காரர் ஜெ.யின் கிட்னிக் கல். (ஜெகந்நாதன். முழுப் பேர் எழுதக் கை வலிக்கிறது.) தீபாவளிக்கு அப்புறம் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வலி வந்தது. பேங்கில் எல்லாரையும் அதட்டுகிற மனுஷன் பாறைமேல் உட்கார்ந்து அழுதார். டாக்டர் நேற்று சொன்னது: "தாராளமா போங்க. ஆனா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி உள்ள போயாகணும். இல்லேன்னா நடுரோட்டுல மறுபடி அதே கததான்."

வீட்டுக்கு வந்ததும் ஜெ. ஆரம்பித்துவிட்டார். "நீ போயிட்டு வா பானு. நான் பிளைட்ல வந்து அங்க நிக்கிறேன்."

பிளைட்டாம். ஆறு மாதமாக மேப்பைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் தவழ்ந்தோமே, அது எதற்கு?

ஜக் வைக்கப்போகிறேன். கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்குமே, குழாய் வைத்தது, அதே ஜக். பத்து லிட்டர். அதிலிருந்து டியூப், நேரே இவர் வாய்க்கு. ஓடுகிற வண்டியிலேயே குடிக்கலாம்.

ஜன. 20, செவ்வாய்

என் நூல்கடையை மதியத்தோடு சாத்தினேன். (நூல் வாங்க வந்த அம்மா: "என்ன பானு, பட்டப்பகல்ல பூட்டுற?" "ஜக் மாட்டப் போறேன்." "யாருக்கு?")

கப்பலூர். பாண்டி அண்ணன் வெல்டிங் பட்டறை. வண்டியை ஒரு பார்வை, ஜக்கை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"தங்கச்சி, இத கேரியர்ல வச்சுக் கட்டிருவமா?"

"வேணாம்ண்ணே. பின்னாடி அம்புட்டு ஒசரத்துல பத்துக் கிலோ ஏறுனா முன் வீலு லேசாயிரும். வளைவுல நான் ஒரு பக்கம் போவேன், வண்டி ஒரு பக்கம் போகும்."

"அப்ப சைடுலதான். இடது பக்கம் ஏற எறங்க வேணும்ல. வலது பக்கம் வச்சிருவோம்."

சரிதானே. எந்த வண்டியிலும் பின்னால் உட்காருகிறவர் இடது பக்கமாகத்தானே ஏறுவார். பிறந்ததிலிருந்து அப்படித்தான். நானும் தலையாட்டினேன்.

பட்டை இரும்பில் கூடு. அடியில் ரப்பர் ஷீட். சுற்றி இரண்டு பெல்ட். பிடித்து உலுக்கினால் வண்டிதான் ஆடுகிறது, ஜக் ஆடவில்லை. பாண்டி அண்ணனுக்கு என்னைவிடச் சந்தோஷம். அடுத்த பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர் கேட்டார், "மோர் விக்கப் போறாங்களா?"

போங்கய்யா.

ஜன. 22, வியாழன்

அழகர்கோவில். பதினெட்டாம்படி கருப்பு சன்னதியில் வண்டிக்குப் பூஜை, அப்படியே சோதனை ஓட்டம். பூசாரி சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிவிட்டார். "வண்டிக்குப் பொட்டா, ஜக்குக்குப் பொட்டா?"

"ரெண்டுக்கும் வைங்க சாமி. ரெண்டும்தான் சோம்நாத் போகுது."

ஜக்குக்கு மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மலையேற வந்த பஸ் கூட்டத்தில் பாதி எங்களைச் சுற்றி. பத்துப் பேராவது போட்டோ எடுத்திருப்பார்கள். நான் நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

அப்புறம் ஜெ. ஜக்கின் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். ஒரு வாய். என்னைப் பார்த்தார்.

"பானு, காப்பித்தூள் கொண்டாந்தியா?"

சுடுதண்ணீர். வலது பக்கம்தானே சைலன்சர். அதற்கு ஒட்டினாற்போல ஜக்கை வைத்து வழி பூராவும் அடுப்பு எரித்திருக்கிறோம். ஏறுகிற பக்கம், ஏறுகிற பக்கம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேர் கண்ணுக்கும் சைலன்சர் தெரியவில்லை. அம்பது வருஷம் வெல்டிங் புகையில் நின்ற பாண்டி அண்ணனுக்கும் தெரியவில்லை, பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிற எனக்கும் தெரியவில்லை.

வரும் வழியெல்லாம் ஜெ. பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஜன. 24, சனி

இடப்பக்கம் மாற்றியாகிவிட்டது. அந்தப் பக்கம் இருந்த சேலை கார்டைக் கழற்றிப் போட்டேன். நான் என்றைக்கு ஒருக்களித்து உட்கார்ந்தேன், அது எனக்கு எதற்கு?

அப்படியானால் ஜெ. வலது பக்கமாக ஏற வேண்டும். இன்று சாயங்காலம் தெருவில் பயிற்சி. இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியே பழகிய ஆள். இந்தப் பக்கம் வந்ததும் எந்தக் காலைத் தூக்குவது என்றே மறந்துவிட்டது. ஒருமுறை முதுகைக் காட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார். மாடியிலிருந்து ஒரு குரல்: "மாப்ளைக்குக் குதிரை கொண்டாந்துருக்காகளா?" இன்னொன்று: "பிடிச்சுக் குடும்மா, பாவம்!" ஜெ. நின்று மாடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஏறினார். இருட்டுவதற்குள் படிந்துவிட்டது.

இன்னும் செய்தவை:
— சைலன்சர் மேல் தகடு (ஏறும்போது கால் சுடாமல்).
— சைடு ஸ்டாண்டு அடியில் அகலப் பட்டை. இல்லாவிட்டால் ஜக் நிறைந்ததும் வண்டி இடது பக்கம் படுக்கப் பார்க்கிறது. ஒருதடவை படுத்தும் விட்டது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.
— டூல்ஸ், பஞ்சர் கிட், என் பை எல்லாம் வலது பக்கப் பெட்டியில். தராசு சமம்.
— மூடி வழியாக டியூப்.

டியூப்பில் முதலில் தண்ணீர் வரவில்லை. ஜெ. உறிஞ்சி உறிஞ்சிக் கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம். மூடியை அவ்வளவு இறுக்கமாகச் செய்து வைத்திருக்கிறேன், காற்றே போகவில்லை. கோணி ஊசியைக் காய்ச்சி மூடியில் ஓர் ஓட்டை, மேலே துணி வடிகட்டி. இப்போது இழுத்தால் சர்ரென்று வருகிறது. இது முழுக்க என் யோசனை. யாரும் சொல்லித் தரவில்லை.

ஜன. 25, ஞாயிறு

கிளப்போடு ராமேஸ்வரம் போய்த் திரும்பினோம். வெயில், ஆனால் உறைக்கவில்லை. பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. ஜக் அசையவில்லை. கிளப் தலைவன் சரவணன் (முப்பது வயது, வாய் மட்டும் அறுபது) டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "எங்க எல்லார் வண்டியும் நிக்கும். பானு அக்கா வண்டி மட்டும் நின்னு நான் பாத்ததே இல்லப்பா. ரயிலு!"

காது குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மூடியைத் திறந்து பார்த்தேன். ஜக் நிறைய இருக்கிறது. காலையில் ஊற்றினது ஊற்றினபடி. ஒரு செம்பு குறைந்திருந்தால் அதிகம்.

டியூப் அடைத்துக்கொண்டதோ என்று நானே உறிஞ்சினேன். மூக்கு வரை தண்ணீர். ஒன்றும் அடைக்கவில்லை.

"குடிக்கவே இல்லையா?"

ஜெ. ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு கயிறு எந்த ஷூவிலும் கிடையாது.

(நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். எழுதப் படித்தது தமிழ் என்பதால் டைரியில் தமிழாகவே வருகிறது.)

"குடிச்சா எறங்கணும் பானு. நான் எறங்கணும்னா நீ நிப்பாட்டணும். நீ நின்னா பத்து வண்டியும் நிக்கும். அந்தப் பய ரயிலுங்குறான். அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"என் பேருக்கு உங்க கிட்னியா? நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. எனக்குத்தான் பெரும. பேங்க்ல போயி எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வாரமாக இரும்பு, ரப்பர், பெல்ட், ஓட்டை என்று அலைந்தது இவர் வாயை மூடிக்கொண்டு வரவா? கத்தினேன். ஜக்கை மண்டபத்துக்கே கொடுத்துவிடுகிறேன், சோம்நாத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லாத்தையும் கேன்சல் செய்கிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கல்லோடு அவரை ஏற்றிக்கொண்டு போய் மஹாராஷ்ட்ராவில் எந்த ஆஸ்பத்திரியைத் தேடுவேன்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று சொன்னார்.

"நீ இன்னைக்கு எம்புட்டு தண்ணி குடிச்ச?"

ராமேஸ்வரத்தில் அரை டம்ளர். அவ்வளவுதான்.

ஜன. 26, திங்கள்

எங்கோ ஒலிபெருக்கியில் காலையிலிருந்து தேசபக்திப் பாட்டு. கடை லீவு. இரண்டு பேரும் பேசவில்லை. உப்புமாவுக்குச் சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

யோசித்துக்கொண்டே இருந்தேன். வண்டி ஓட்டும் நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் குடிக்காதே என்று சொன்னதில்லை. ஆம்பிளைகள் எந்த மரத்தடியிலும் நிறுத்துவார்கள். நான் எங்கே போவேன்? பெட்ரோல் பங்க்கில் கேட்டால் பாத்ரூம் பூட்டியிருக்கும், சாவி இருக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பான். அதனால் காலையில் ஒரு வாய், மதியம் ஒரு வாய். வெறும் வயிற்றோடு விரதம் மாதிரி ஓட்டுவேன். அதற்கு சரவணன் ரயில் என்று பேர் வைத்திருக்கிறான். நானும் அதைக் கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவருக்கு அது தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் சொல்லவில்லை, பாவி மனுஷன்.

சாயங்காலம் ஜெ. வெளியே போய்விட்டு வந்தார். கையில் இன்னொரு டியூப்.

"மூடியில இன்னொரு ஓட்ட போடு."

போட்டேன். ஒரு டியூப் பின்னால், ஒரு டியூப் முன்னால், என் தோள்வழியாக. பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒப்பந்தம்: அவர் குடித்தால் நானும் குடிக்க வேண்டும். நான் குடித்தால் அவரும். யாருக்கு முட்டினாலும் வண்டி நிற்கும்.

"முட்டுதுன்னு கிளப் பசங்க முன்னாடி சொல்லுவியா?" என்றார்.

"ஏன் சொல்ல மாட்டேன்?" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

ஜன. 29, வியாழன்

பேக்கிங். கெட்டில் (லாட்ஜில் கொதிக்க வைத்து ஜக்கை நிரப்ப), ரெயின்கோட் 2, இவர் மாத்திரை, ஊறுகாய், சார்ஜர், பூட்டு. இவர் தலையணை கேட்டார். கிடையாது.

பாண்டி அண்ணன் தானாகவே வந்து போல்ட்டையெல்லாம் ஒருதடவை முறுக்கிப் பார்த்தார். "தங்கச்சி, இது மாதிரி இன்னொன்னு கேட்டு ஆளு வந்துருச்சு. சபரிமலைக்குப் போறவுக." என் டிசைன்! பேட்டன்ட் வாங்கவில்லையே என்று ஜெ. கிண்டல்.

சரவணன் போனில்: "அக்கா, சேலம் வரைக்கும் நான்-ஸ்டாப். நீங்கதான் முன்னாடி." நான் ஒப்பந்தத்தைச் சொல்லாமல் "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

ஜன. 31, சனி

வண்டி சீட்டில் வைத்து எழுதுகிறேன். வாடிப்பட்டி தாண்டி ஒரு பங்க்.

இருட்டில் கிளம்பினோம். குளிர். பதினோரு வண்டி விளக்கும் வரிசையாக, நான் முன்னால். பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருக்கிறேன், இவர் வாய் தெரிகிற மாதிரி. பாத்திமா கல்லூரி தாண்டியதும் இவர் டியூப்பை வாயில் வைத்தார். நன்றாக இழுத்தார். நானும் இழுத்தேன். சமயநல்லூரில் மறுபடி. குளிருக்கு அந்தத் தண்ணீர் பல்லில் ஏறியது. ஆனாலும் குடித்தேன். ஒப்பந்தம்.

பின்னால் இவர் தட்டுவார், தட்டுவார் என்று தோளைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தேன். அவர் தட்டவில்லை. முட்டியது எனக்கு.

அடக்கலாம். பழக்கம்தானே. கொடைரோடு வரை, திண்டுக்கல் வரை, வேண்டுமானால் கரூர் வரைகூட அடக்க எனக்குத் தெரியும். பங்க் விளக்கு தெரிந்தது. கையைத் தூக்கினேன்.

பதினோரு வண்டியும் நின்றன. சரவணன் ஹெல்மெட்டோடு ஓடிவந்தான். "என்னாச்சுக்கா? ஜக்கு கழண்டுருச்சா? நாந்தான் சொன்னேன்ல!"

"ஜக்கு கல்லு மாதிரி இருக்கு. எனக்கு பாத்ரூம் போகணும்."

கத்தித்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள். பங்க் ஆள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், "எடுத்துட்டு வாப்பா, அவசரம்" என்று அவனிடமும் கத்தினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வண்டிக்கிட்ட ஜெ. மட்டும்தான். மற்றவன் எல்லாம் இருட்டில் முள்ளுக்காட்டுப் பக்கம் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சரவணன்தான் முதல் ஆள். "அக்கா, பாத்திமா காலேஜ்ல இருந்து அடக்கிட்டு வாரேங்க்கா. நீங்க நிக்காம எப்பிடி நாங்க நிக்கிறது?"

ஜெ. ஜக்கின் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தார். முதல் டம்ளர் எனக்கு. இன்னும் இருட்டு. பின்னால் அவனவன் பேன்ட்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீருக்கு வரிசையில் வருகிறான்.

நின்றபடியே முழுசும் குடித்தேன். இன்னொன்று கேட்டேன்.