அழிக்க மறுத்த பித்தான்

உ

சோமனூர்
5.12.97

அன்புள்ள நந்திதா அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். அங்கே பனி கொட்டுகிறதாமே, மாப்பிள்ளை மிதுன் காதை மூடிக்கொண்டு ஆபீஸ் போகிறாரா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இதைக் கடைக் கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லாமல் என் கையாலேயே எழுதுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் கடையிலும் கடிதம் அடிக்க வைத்திருக்கும் அந்த எடிட்டர் புரோகிராமை உன்னோடு சேர்ந்து செய்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை நீ கேட்டாக வேண்டும்.

தையில் உன் தம்பி மனோஜ்குமாருக்குக் கல்யாணம். அந்த மாதம்தான் எடிட்டரின் புதுப் பதிப்பு வெளியாகிறது, டெர்மினல் பழுதெல்லாம் உன் பொறுப்பு, வர முடியாது, இணைச்சீரைப் பெரியப்பா மகள் ராமாமணி செய்யட்டும் என்று போனில் சொன்னாய். உடன்பிறந்தவள் நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மணவறையில் தம்பிக்குப் பக்கத்தில் கூடையோடு வேறொருத்தி நின்றால், சபையில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? எங்கேயோ கம்ப்யூட்டர் பித்தானுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்றா? அதனால்தான் போனை வைத்தேன். அதன் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

உன் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். படித்தவள் சும்மா இருக்க மாட்டாய் என்பதும் தெரியும். ஆனால் ஓசியில் கொடுக்கிற சரக்குக்கு இத்தனை பாடா? நானறிந்த ஜவுளி வியாபாரத்தில் ஓசியில் கொடுப்பவர்கள் இரண்டே வகை. கடையை இப்போதுதான் திறந்தவன், சீக்கிரமே மூடப் போகிறவன். நீங்கள் இரண்டிலும் சேர்த்தியில்லை என்று நம் குமாஸ்தா கண்ணையா அடித்துச் சொன்னார்.

சரி, லீவு தராவிட்டால் முதலாளியிடம் பேசுவதுதானே முறை? முதலாளி யார் என்று கண்ணையாவைக் கேட்டேன். அப்படி யாரும் இல்லை, ஒரு ஈ-மெயில் விலாசத்துக்கு எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்றார். முதலாளியே இல்லாத கம்பெனியில் ஆளுக்கு எப்படி லீவு இல்லாமல் போகும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எழுதுங்கள் என்றேன்.

நான் கடிதம் சொல்கிற வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். முதலில் வாய்க்கு வருவதையெல்லாம் சொல்லிவிடுவேன், கண்ணையா அதையும் இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வருவார். வைது முடித்ததும் மனசு லேசாகும். அவர் திரும்பிப் பார்த்து, "இதை அழிச்சுப்போட்டுங்களா?" என்பார். தலையாட்டுவேன். அழித்துவிட்டு அதே இடத்தில் மரியாதையாக எழுதுவார். பம்பாய் சேட்டு முதல் பாவு நூல் ஏஜெண்டு வரைக்கும் நம் கடிதத்தை மெச்சாதவர் கிடையாது. நேராக மரியாதையில் ஆரம்பித்தால் கோபம் உள்ளேயே தங்கிவிடும், அது சரக்கில் போய் இறங்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தோம். கண்ணையா அதை பிளாப்பியில் எடுத்துக்கொண்டு, கோயமுத்தூர் காந்திபுரத்தில் தம்பிதுரை வைத்திருக்கும் ஈ-மெயில் கடைக்கு பஸ் ஏறினார். தம்பிதுரை அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்து அங்கிருந்து போன். பதில் வந்து குவிகிறது, ஆள் அனுப்புங்கள் என்றார். போன கண்ணையா ஒரு கட்டுக் காகிதத்தோடு, செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்து நின்றார். 

"மொதலாளி, நாம அழிச்சது ஒண்ணும் அழியலீங்க."

விஷயம் இதுதான். ஆயுத பூஜை கழிந்ததும் மனோஜ்குமார் பெரிய கம்ப்யூட்டரைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டான். மில் ஏலத்தில் நான் எடுத்துப் போட்ட பழைய டெர்மினல், அதுதான் பெரிய கம்ப்யூட்டரோடு ஒயரில் கோத்த திரையும் பித்தான் பலகையும், கண்ணையாவுக்கு வந்தது. அதில் அழிக்கும் பித்தானை அமுக்கினால், அழிக்கச் சொல்கிறார்கள் என்று உங்கள் எடிட்டருக்குப் புரிவதில்லை. அதுவும் ஒரு எழுத்து என்று நினைத்துக் கோப்பில் சேர்த்துக்கொள்கிறது. திரையில் மட்டும் எழுதும் இடத்தைக் காட்டும் கோடு பின்னால் நகர்ந்து, புது எழுத்து பழையதன் மேல் ஏறிக்கொள்ளும். பார்ப்பவனுக்கு அழிந்த மாதிரி இருக்கும். பிரிண்டரிலும் அதே கதை, ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக் கரியாகிவிடும். ரிப்பன்தான் மட்டம் என்று நான் கடைக்காரனோடு சண்டை போட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பம்பாய் சேட்டுக்குப் போன கடிதமெல்லாம் அந்தக் கரியால்தான் பிழைத்தது.

ஈ-மெயிலுக்குக் கரி கிடையாதே. என் திட்டு முழுசாக, அதன் பின்னால் பித்தானை அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ^ என்ற கூரைக் குறியும் H எழுத்தும் வரிசை வரிசையாக, அதற்கும் பின்னால் என் மரியாதை. உலகமே படித்துவிட்டது. "வேலை வெட்டி இல்லாத கூட்டத்துக்கு" என்று இருக்கிறது, அடுத்தாற்போல் "மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு" என்று இருக்கிறது. சோமனூர்க்காரன் மானம் கப்பலேறிவிட்டது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் கண்ணையா பதில்களைப் படித்தார். கம்ப்யூட்டர்காரர்கள் கேலிக்கு வேண்டுமென்றே இப்படி எழுதுவது உண்டாமே? ஒன்றைத் திட்டி, அந்தக் குறிகளைப் போட்டு, அழித்த மாதிரி பாவனை செய்து, பிறகு நல்லபடியாக எழுதுவது. நான் அந்த வித்தையில் கரை கண்டவன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நார்வேக்காரர் ஒருவர், வருஷக்கணக்கில் இவ்வளவு நல்ல பழுது அறிக்கை வந்ததில்லை என்கிறார். ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மாள், இணைச்சீர் என்றால் என்ன, கூடையில் என்ன இருக்கும் என்று கேட்கிறாள். பிரேசில்காரர் தன் அப்பாவும் இதே ரகம் என்று எழுதியிருக்கிறார், பாவம். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பேர் வர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

கடைசியில், புதுப் பதிப்பு மாசியில் வந்தால் போதும், நந்திதா கல்யாணத்துக்குப் போகட்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். லீவு கிடைத்துவிட்டது, அம்மணி. இனி அந்தச் சாக்கு செல்லாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழித்ததில் ஒரு வரியைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். "அவள் போனதிலிருந்து இந்தக் கடையில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள், வியாபாரத்தில் ருசியே போய்விட்டது" என்று இருக்கிறதாமே. அதன் மேல் "அவளது வருகை குடும்பத்தாருக்கு மகிழ்ச்சியளிக்கும்" என்று எழுதச் சொன்னது நான்தான். ஜெர்மனி அம்மாள், இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்கிறாள். கண்ணையா என்ன பதில் போட என்று என் முகத்தைப் பார்த்தார். பம்பாய் லாரி வந்துவிட்டதா பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நார்வேக்காரர் அந்தப் பித்தானுக்கு ஒரு திருத்தமும் எழுதி அனுப்பியிருக்கிறார். அவரிடம் இந்த மாதிரிப் பழைய பெட்டி இல்லையாம், ஆனாலும் திருத்தம் வேலை செய்யும் என்கிறார். சின்ன வேலைதான், போட்டுவிடட்டுமா என்று கண்ணையா நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார். தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெர்மினல் பழுதெல்லாம் உன் பொறுப்பு என்று நீதானே சொன்னாய்? பெட்டி இருப்பது இங்கே. பார்க்க வேண்டியவள் வந்து பார்க்கட்டும். அதுவரை நம் கடிதங்கள் கரியோடு போகட்டும்.

உன் அம்மா முத்தாத்தாள் இணைச்சீருக்கு உனக்கு மாம்பழக் கலரில் பட்டு எடுத்து வைத்திருக்கிறாள். ராமாமணிக்கும் ஒன்று எடுக்கலாமே என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் எழுந்து வந்துவிட்டேன். மணப்பெண் லோகப்பிரியாவும் நாத்தனார் எப்போது வருவாங்க என்று மனோஜ்குமாரிடம் கேட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரையும் அழைத்து வா, கிடைக்காவிட்டால் அவர் ஆபீஸுக்கும் ஒரு கடிதம் எழுத நான் தயார். சென்னிமலை முருகன் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. டிரைவரை அனுப்ப மாட்டேன். நானே வாரேன்.

இப்படிக்கு,
அப்பா
பாலுசாமி