பக்கத்து இருக்கையின் கருத்து

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு அழைப்புகள். அதில் ஒருவர் பால்காரரின் எண் என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டார். "இது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைங்க" என்றால், "அப்ப பால் வராதா?" என்கிறார். பக்கத்து இருக்கைக்காரி, ஒல்லி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

வருடாந்தர மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி நாம் எழுத வேண்டும், அவர் நம்மைப் பற்றி எழுதுவார். உறையில் போட்டு ஒட்டி மேற்பார்வையாளர் மேடத்திடம் கொடுப்போம். ஒல்லிக்கு நான் எழுதியது: "பதறாதவர். பொறுமைசாலி. எந்த நேரத்திலும் நிதானம் தவறாதவர்." கொஞ்சம் தாராளம்தான். ஒன்பது வருடம் தோளோடு தோள் உட்கார்ந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மார்ச் 12, புதன்

காலையில் ஒருவர். மனைவிக்கு மூச்சுத் திணறல். வீட்டு எண்ணைக் கேட்டால் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் குரல் அவருக்குக் கேட்காதபடி மியூட் பொத்தானை அழுத்திவிட்டு, "யோவ், நம்பரச் சொல்லித் தொலைய்யா!" என்று மேசையைக் குத்தினேன். மியூட்டை எடுத்துவிட்டு, "ஐயா, நான் உங்க கூடவே இருக்கேன். கதவுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். ஏழாவது நிமிடம் வண்டி வாசலில் நின்றது.

எங்கள் அறையில் எல்லோரும் இப்படித்தான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கத்துவோம், திட்டுவோம், அழுவோம். அங்கே சொன்னது அறையைத் தாண்டாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

மார்ச் 19, புதன்

கடிதம் கொடுத்தார்கள். அறையில் ஒரு இருக்கையைக் குறைக்கிறார்களாம். ஏப்ரல் பதினைந்திலிருந்து நான் கோப்பு அறைக்கு. தொலைபேசியே இல்லாத அறை.

காரணம் கேட்டேன். மேடம் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "எளிதில் பதறுபவர். முன்கோபி. அழைப்பின்போது ஆவேசப்படுகிறார், மேசையைத் தட்டுகிறார். நிதானம் போதாது."

எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒல்லியின் எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை.

மார்ச் 20, வியாழன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ கோவக்காரிதானேம்மா? அதுல என்ன பொய் இருக்கு?" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

பொய் இல்லைதான். சின்ன வயதில் அம்மாவுக்கு நான் அவசரக்குடுக்கை. பள்ளிக்கூடத்தில் படபட. மாமியார் எண்ணெயில் போட்ட கடுகு என்பார். வீட்டுக்காரர் செல்லமாக இருந்தால் பட்டாசு, இல்லையென்றால் சிடுமூஞ்சி. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஒன்றுகூடக் குத்தவில்லை. முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தைகள் அவை.

இவள் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறாள். ஒட்டிவிட்டு என்னோடு டீ குடித்திருக்கிறாள். சே!

மார்ச் 24, திங்கள்

கேட்டே விட்டேன். கை கழுவும் இடத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி.

"ஏன்டி அப்படி எழுதின?"

குழாயை மூடவில்லை அவள். "நான் எழுதினது பொய்யாக்கா? நீங்க மேசையத் தட்டலையா?"

"நீ தட்டல?"

"ஒரு சீட் போகுதுன்னு மேடம் முன்னாடியே சொன்னாங்க. எனக்கு இந்த வேலை வேணும்க்கா. நீங்கன்னா எங்க போட்டாலும் சமாளிச்சுப்பீங்க."

முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். நான் அங்கே உட்கார்ந்து தாராளமாகப் பொறுமைசாலி என்று எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை எங்கே தேடுவது? கத்தினேன். நன்றாகக் கத்தினேன். நடைபாதையில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுதியது சரிதான் என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

மறுபரிசீலனை கேட்டு மனுக் கொடுத்தேன். விசாரணை புதன்கிழமை.

ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. எழுதிவிடுகிறேன், எழுதினால் அடங்கும்.

போன ஆகஸ்ட். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த பிள்ளை. அழைப்பு ஒல்லிக்கு வந்தது. தாய் கதறக் கதற இவள் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டாள். நான்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அந்தத் தாய்க்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொன்னேன். பிள்ளை பிழைத்தது. அழைப்பு ஒல்லியின் பெயரில் பதிவாகியிருந்தது. பாராட்டுச் சான்றிதழும் ஒல்லியின் பெயரில் வந்தது. அன்று நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "என் பிள்ளை வயசுக்கா" என்று மட்டும் சொன்னாள். "விடுடி, யாருக்கும் தெரியாது" என்றேன்.

யாருக்கும் தெரியாது. இன்றுவரை.

சொல்ல மாட்டேன். நான் அவள் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏன் சொல்லக்கூடாது?

ஏப்ரல் 2, புதன்

மேடமும் இரண்டு அதிகாரிகளும். என் அழைப்புகளில் மூன்றைப் போட்டுக் கேட்டார்கள். மூன்றிலும் என் குரல் தெளிந்த தண்ணீர் மாதிரி. மேசைக் குத்து எதுவும் பதிவில் இல்லை. வயதான அதிகாரி ஆச்சரியப்பட்டார். "பதட்டமே தெரியலையேம்மா. அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்காங்க?"

மியூட் வழக்கத்தை விளக்கினேன். அறையில் எல்லோரும் அப்படித்தான் என்றேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

"அவங்க எப்படி? உங்க பக்கத்து சீட்?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட் மாசம் தொட்டியில குழந்தை விழுந்துடுச்சுன்னு வந்த ஃபோன் கால் ஒண்ணு இருக்கு சார். அவங்க பேர்ல இருக்கும். போட்டுக் கேளுங்க. குரல் என்னுது."

போட்டார்கள். என் குரல் எண்ணிக்கொண்டே போனது. மேடம் தலையைக் குனிந்துகொண்டார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றியது, எழுந்து போனது, சான்றிதழ் வாங்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குரல் உயரவில்லை. இவ்வளவு நிதானமாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.

அவள் பிள்ளைக்கும் அதே வயது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

புதிய கடிதம். என் மாற்றம் ரத்து. "நெருக்கடியிலும் நிலைகுலையாத, நிதானமான ஊழியர்" என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். நிறுத்துங்கள் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒல்லி மேசையைக் காலி செய்ய வந்தாள். ஆகஸ்ட் விஷயத்துக்காகக் கோப்பு அறை கூட இல்லை, வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். ஒரு பையில் எல்லாம் அடங்கிவிட்டது. கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டு பேரும் அழுதிருப்போம்.

"பிள்ளைக்கு ஸ்கூல் விட்டிருக்கும், போறேன்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் அவள் நாற்காலியைத் தூக்கிப் போனார்கள். மேடம் வந்து பார்த்துவிட்டு, "இப்ப உங்களுக்கு இடம் தாராளமா இருக்குல்ல?" என்று கேட்டார்.

இருக்கு மேடம் என்றேன்.