முயலுக்கு முன்பல் தெரியவில்லை

அன்புள்ள முயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீயும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சொல்கிறாய், கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை, நீ கூப்பிட்டால் அவர்தான் கையில் பிடித்துக்கொள்கிறார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அதையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவார். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், தபாலிலும் நானே போட்டுவிடுவேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவின் தையல் கடைக்கு எதிரே பெரிய ரெடிமேட் கடை வந்துவிட்டது, ஆனால் அங்கே வாங்குகிற பேண்டுக்கெல்லாம் கால் நீளம் குறைக்க இவரிடம்தான் வருகிறார்கள், அதில் இவருக்கு ஒரே பெருமை. கண்ணாடியை மாற்றச் சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஊசியில் நூல் கோர்க்க நான் வேலை முடிந்து வரும் வரை காத்துக்கொண்டிருக்கிறார். உன் அக்கா வீட்டில் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையாம், மாப்பிள்ளை குடம் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவர்கள் வாண்டுக்கு விழுந்த முன்பல் இரண்டும் இப்போது முளைத்துவிட்டது, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நிறுத்தி வாயைத் திறந்து காட்டுகிறாள். உன் மாமா அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு இன்னொரு முயல் வந்தாச்சு என்று சிரித்தான். உனக்கு அந்தப் பேரை வைத்ததும் அவன்தானே, நீ வாயைத் திறந்தால் முதலில் பல்தான் வரும், பிறகுதான் பேச்சு வரும் என்பான்.

எங்கள் தொழிற்சாலையில் கேமரா மிஷின் ஒன்று வந்திருக்கிறது. என் வேலை உனக்குத் தெரியும், விமானத்துக்கும் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கும் போகிற மெல்லிய குழாய்கள், முடி அளவு கீறல் இருந்தாலும் அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குழாயாக மேஜையில் உருட்டிப் பார்ப்போம், பஞ்சை வைத்துத் தடவுவோம், பிசிறு இருந்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். விளக்கை மட்டும் தலைக்கு மேலே வைக்க மாட்டோம். நேர் வெளிச்சத்தில் எல்லாக் குழாயும் பளபளவென்றுதான் இருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் கீறல் தன் நிழலைப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்துவிட்டால் சிவப்புப் பெயிண்ட் வைத்து ஒதுக்கிவிடுவேன், பிறகு மேனேஜரே வந்தாலும் அதை எடுக்க முடியாது. இந்தக் கேமரா வந்த புதிதில் குழாய் மேல் ஈ உட்கார்ந்ததை விரிசல் என்று சொல்லி ஊளையிட்டது, வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நான் விட்டதையெல்லாம் அது பிடித்துவிடுகிறது, எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு. இது எப்படிம்மா பார்க்குது என்று எங்கள் இன்ஜினியர் பெண்ணைக் கேட்டேன். "தனியா ஒரு படத்தைப் பார்க்காதுக்கா, நல்லா இருந்தப்போ எடுத்த படத்தோட சேர்த்து வெச்சுப் பார்க்கும், எது மாறியிருக்கோ அதைக் காட்டும், அவ்வளவுதான்" என்றாள். நான் அதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

அப்பா குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து, நீ வெளிநாடு போனதிலிருந்து அனுப்பிய படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். ஆபீஸ் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிற படங்கள் எல்லாவற்றிலும் அப்பா தைத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டைதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை, "எத்தனை சட்டை வாங்கினாலும் போட்டோன்னா நான் தைச்சதைத்தான் போடுறான் பாரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். சட்டைப்பை ஓரத்தில் ஒரு மைக்கறை இருக்கிறது முயலு. எல்லாப் படத்திலும் அதே கறை, காலரில் அதே மடிப்பு. யாருடைய நாற்காலியிலோ ஒரே நாளில் உட்கார்ந்து எடுத்துவிட்டு மாதாமாதம் ஒவ்வொன்றாக அனுப்புகிறாய். அதுகூடப் போகட்டும். விமான நிலையத்தில் எடுத்த படத்தில் உன் பல் இரண்டு காது வரைக்கும் தெரிகிறது, போன புதிதில் அனுப்பியதிலும் தெரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றில்கூட உதடு திறக்கவில்லை. போன மாதம் வீடியோவில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசினாயே, அப்போது விரலும் நகமும் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தேன். சமைத்தேன் என்று சொல்லாதே, சமையல் மஞ்சள் எது, அந்த மஞ்சள் எது என்று எனக்குத் தெரியும். என் மேஜைக்கு அடுத்த கொட்டகைதான் ஆசிட் பிரிவு. குழாயை அங்கே தொட்டியில் முக்கி மேலே இருக்கிற கருந்தோலைப் போக்கினால்தான் எனக்குக் கீறலே கண்ணில் படும். முக்குகிறவர்களுக்கு முதலில் விரல் மஞ்சளாகும், இருமல் வரும், பிறகு அந்த ஆவியில் முன்பல் தேய ஆரம்பிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை வாண்டு, "மாமா, என் பல்லைப் பாரு, உன் பல்லைக் காட்டு" என்றதும் நீ வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய், சிக்னல் சரியில்லை என்று படத்தை அணைத்துவிட்டாய். உன் குரல் மட்டும் கணீரென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா, அங்கே மழையாக இருக்கும் என்றார். நான் அடுப்படிக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன்.

ஆசிட் பிரிவில் ரேடியோ என்று ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பாடுவாராம், நான் பார்த்த நாளாக வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார். அவரிடம் போய், பல்லுக்கு என்ன செய்வீர்கள், விரலுக்கு என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "யாருக்குக்கா?" என்றார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்றேன். "வெளிநாட்டுல இருக்கிற நம்ம தம்பிக்கா?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னார், அப்படியே எழுதுகிறேன். வேலை முடிந்ததும் உடனே பல் தேய்க்காதே, முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளி, தேய்ப்பது கொஞ்ச நேரம் கழித்து. முகமூடி இல்லாமல் தொட்டிக்குக் குனியாதே, தரவில்லை என்றால் வெட்கப்படாமல் கேள். ஒரு சொட்டு மேலே பட்டாலும் எரியவில்லையே என்று விட்டுவிடாதே, அதில் ஒரு ஆசிட் தோலில் ஒன்றுமே காட்டாமல் எலும்பு வரை இறங்கும், உடனே தண்ணீரில் நிறைய நேரம் கழுவு, அதற்கென்று ஒரு களிம்பு இருக்கிறதாம் அதைப் போடு, டாக்டரிடம் போகாமல் இருக்காதே. தேய்ந்த பல் மறுபடி வளருமா என்றும் கேட்டேன். வளராதுக்கா என்றார்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வா என்று கூப்பிடலாம், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பெனியே வாங்கி வைத்திருக்கிறது என்றாயே, கூப்பிட்டால் மட்டும் நீ எப்படி வருவாய். அப்பாவிடம் சொல்லலாம் என்றால், நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பெரிதாக்கித் தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார், அளவு கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம பையன், சூப்பர்வைசர்" என்கிறார். நம் வீட்டில் ஒருத்தரும் ஆசிட் தொட்டிப் பக்கம் நிற்கக் கூடாது என்றுதானே இருவரும் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம். நேற்று வேலையில் வந்த குழாய்க்கெல்லாம் சிவப்பு வைத்து ஒதுக்கிக்கொண்டே இருந்தேன், கேமரா அத்தனையும் நல்லது என்றது, இன்ஜினியர் பெண் வந்து, "என்னக்கா, இன்னிக்கு ஒண்ணுகூடத் தேறலையா?" என்று கேலி செய்தாள். கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நீ பொய் சொன்னாய் என்று எனக்குக் கோபம் இல்லை. அங்கே தனியாகக் கண்ணாடியில் உன் வாயை நீயே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வயிற்றைக் காயப்போடாதே. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு என்றைக்கும் உண்டு, அப்பாவுடையதை அவரைக் கேட்காமலேயே சேர்த்து எழுதுகிறேன். பதில் கடிதம் போடாதே, தபால்காரர் அப்பா கடையில்தான் கொடுப்பார். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, வாண்டு மறுபடியும் பல்லைக் காட்டச் சொல்வாள், நான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சிக்னல் இல்லை என்று அணைத்துவிடாதே. விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள், ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சிரி. பயப்படாதே, அப்பா உன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிற
உன் அம்மா